ஏழு முறை தோற்றுக் காட்டுக

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. ஆனால் நெருப்பு கலையா, ஊடகமா, தொழில்நுட்பமா என்று தீர்மானிக்க அப்போது ஒரு குழு அமைக்கப்படாத காரணத்தால், பல்லாயிரம் ஆண்டுகள் அதை வைத்து வெறுமனே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அந்த வரலாற்றுப் பிழையைத் திருத்தவே 'கலை, ஊடகம், தொழில்நுட்பம்: மூன்றாண்டு ஒருங்கிணைந்த இளநிலைப் பட்டப்படிப்பு' தோன்றியது என்று அதன் கையேட்டின் முதல் பக்கம் சொன்னது. எழுதியவர் படிப்பின் ஒருங்கிணைப்பாளர். அவர் எழுதியதை இதுவரை யாரும் மறுத்ததில்லை. என்ன சொல்லியிருக்கிறார் என்று புரிந்தால்தானே மறுக்க முடியும்.

துறைகளுக்கு இடைப்பட்ட படிப்பு என்பதால் அதற்குத் துறைகளுக்கு இடைப்பட்ட இடமே ஒதுக்கப்பட்டிருந்தது. ஓவியக் கட்டடத்துக்கும் பொறியியல் கட்டடத்துக்கும் நடுவே இருந்த நடைபாதை அது. இரண்டு முனையிலும் கண்ணாடிக் கதவு வைத்து, மேலே தகரம் போட்டு, 'சந்திப்பு' என்று பலகை மாட்டியிருந்தார்கள். ஓவிய மாணவர்கள் கேன்டீனுக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும். பாடம் நடக்கும்போது முப்பது பேர் குறுக்கே நடந்து போவார்கள். ஒருங்கிணைப்பாளர் அவர்களையும் வருகைப் பதிவில் சேர்த்துக்கொள்வார். சுவரே தெரியாதபடி ஒட்டுச்சீட்டுகள் இருந்தன. மஞ்சளில் கேள்விகள், பச்சையில் கேள்விகளைப் பற்றிய கேள்விகள். பதில்களுக்கென்று ரோஸ் நிறம் ஒதுக்கியிருந்தார்கள். அந்தக் கட்டு இன்னும் பிரிக்கப்படவில்லை.

முதலாண்டுப் பாடம் 'கற்றதை மறத்தல்'. பள்ளியில் எதையுமே கற்காமல் வந்தவர்கள் பாவம், இதில் பின்தங்கிப் போனார்கள். அவர்களுக்குச் சிறப்பு வகுப்பு வைத்துக் கொஞ்சம் சொல்லிக்கொடுத்து, பிறகு மறக்க வைத்தார்கள். இரண்டாமாண்டு 'கேள்விக்குட்படுத்தல்'. மூன்றாமாண்டுதான் படிப்பின் மகுடம். அதன் பெயர் 'தோற்றல்'.

வெற்றி பெற்றவன் எதையும் கற்பதில்லை, தோற்றவனே கற்கிறான் என்பது ஒருங்கிணைப்பாளரின் கொள்கை. அவரைப் பார்த்தால் ஏராளமாகக் கற்றவர் என்று எவருக்கும் தெரியும். ஆகவே இறுதியாண்டுப் படைப்பு ஒவ்வொன்றும் ஏழு தோல்விகளோடுதான் சமர்ப்பிக்கப்பட வேண்டும் என்று விதி செய்திருந்தார். கலையில் இரண்டு, ஊடகத்தில் இரண்டு, தொழில்நுட்பத்தில் இரண்டு. ஏழாவது மூன்றுக்கும் நடுவில் விழ வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு 'தோல்விச் சான்று' உண்டு. அதில் தேதி, இடம், புகைப்படம், அந்த நேரத்து மனநிலையின் வரைபடம், இரண்டு சாட்சிகளின் கையெழுத்து எல்லாம் வேண்டும். படைப்பைப் பற்றியும் அந்தப் படிவத்தில் ஒரு வரி இருந்தது: 'இருந்தால் இணைக்கவும்.'

இத்தகைய படிப்பில்தான் அந்தப் பெண் மூன்று வருடம் கண்ணும் கருத்துமாகப் படித்தாள். பையில் எந்நேரமும் கொஞ்சம் வயரும் ஒரு ஸ்குரூ டிரைவரும் கிடக்கும் என்பதால் வகுப்பில் அவளுக்கு 'வயர்' என்று பெயர். நல்ல பெண்தான். ஆனால் அவளிடம் ஒரு பெரிய குறை இருந்தது. அவள் ஒரு பொருளைச் செய்தால் அது வேலை செய்துவிடும்.

அவள் அம்மா ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பாளர். பதினெட்டு வருடமாக நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வேலை. கேட்பதற்குச் சின்ன வேலையாகத் தெரியும். உள்ளே பல்லைத் துளைக்கிற மிஷின் கொய்யென்று கத்தும். வெளியே பல்வலிக்காரர்கள் கன்னத்தோடு காதையும் சேர்த்துப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பெயரை மூன்று தடவை கத்தினால் அதே பெயரில் இரண்டு பேர் எழுந்து நிற்பார்கள், கூப்பிட்ட ஆள் வாசலில் போன் பேசிக்கொண்டிருப்பார். பதினெட்டாவது வருடம் அம்மாவின் தொண்டை கட்டியது, கட்டியது கட்டியபடியே நின்றது. குரல்நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது, இனிமேல் கத்தினால் உள்ள குரலும் போய்விடும் என்று தொண்டை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் சண்டை இல்லை. அப்பா மட்டும் தனியாக எவ்வளவு நேரம்தான் சண்டை போடுவார்.

வயரின் இறுதியாண்டுப் படைப்பு அங்கேதான் பிறந்தது. பன்னிரண்டு சதுரங்கள் கொண்ட ஒரு மரப்பெட்டி. ஒவ்வொரு சதுரத்திலும் மங்கலான பிளாஸ்டிக்கில் அவள் கையால் வரைந்த ஒரு படம்: குடை, நண்டு, ஏணி, ஆந்தை, கெண்டி, நத்தை என்று. படத்துக்குப் பின்னால் ஒரு சின்ன விளக்கு. நோயாளி உள்ளே வந்ததும் அம்மா அவர் கையில் ஒரு மரவில்லையைக் கொடுப்பாள். அதிலும் அதே படம் இருக்கும். முறை வரும்போது மேஜையில் இருந்தபடியே அம்மா ஒரு பட்டனை அழுத்துவாள். சுவரில் நண்டு எரியும். நண்டு வைத்திருப்பவர் எழுந்து உள்ளே போவார். யாரும் வாயைத் திறக்க வேண்டியதில்லை. வாயைத் திறந்தால் வலிக்கிறவர்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

பெட்டியைச் சுவரில் மாட்டிச் சுவிட்சைப் போட்ட முதல் தடவையே அது எரிந்தது. ஒரு மாதமாக எரிந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் ஆந்தை வில்லைக்காகச் சண்டை போட்டன. பல் டாக்டரே வேலைக்கு நடுவில் வந்து நத்தையைப் பார்த்துவிட்டுப் போனார். அம்மாவின் தொண்டை கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்துவந்தது. மகள் பெருமையில் மிதந்துகொண்டிருந்தாள். அந்தப் பெருமையோடுதான் முன்னோட்ட மதிப்பீட்டுக்குப் போய் நின்றாள்.

குழுவில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் ஒருங்கிணைப்பாளர், இடப்புறம் கலைப் பேராசிரியை, வலப்புறம் தொழில்நுட்பப் பேராசிரியர். மூவரும் பெட்டியின் புகைப்படத்தைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள்.

"நல்லாருக்கு," என்றார் ஒருங்கிணைப்பாளர். "எத்தனை தடவ தோத்தே?"

"தோக்கல சார். மொதல் தடவையே எரிஞ்சுது."

அவர் முகத்தில் நம்பிக்கை துளிர்த்தது. "எரிஞ்சுபோச்சா?"

"இல்ல சார், லைட்டு எரிஞ்சுது."

துளிர் வாடியது. தொழில்நுட்பப் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, வேலை செய்கிற பொருளை ஆராய்ச்சி என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் தங்கள் துறையில் இல்லை, அது ரிப்பேர் கடைக்காரர்களின் துறை என்று வருத்தத்தோடு தெரிவித்தார். கலைப் பேராசிரியைக்கு வேறு கவலை இருந்தது.

"இந்த நண்டு எதைச் சொல்லுது?"

"அடுத்து நண்டுன்னு சொல்லுது மேடம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் மேடம். அவங்க எந்திரிச்சு உள்ள போயிடுவாங்க."

பேராசிரியை பேனாவை மூடிவைத்தார். பார்த்தவுடன் புரிகிற ஒன்றைக் கலையில் சேர்க்க அவர் மனம் இடம் கொடுக்கவில்லை.

ஒருங்கிணைப்பாளர் கருணை உள்ளவர். எடுத்த எடுப்பில் 'தேறவில்லை' என்று எழுதிவிடவில்லை. நான்கு வாரம் அவகாசம் கொடுத்தார். "ஏழு தோல்வியோட வாம்மா. மனசு வெச்சா முடியும். முடியலைன்னா மூணாம் வருஷத்த மறுபடியும் படி, வேற வழியில்ல."

வயரிடம் அந்த இன்னொரு வருடம் இல்லை. ஒரு பெரிய மருத்துவமனையில் நோயாளிகளுக்கான அறிவிப்புப் பலகைகள் வடிவமைக்க அவளை எடுத்திருந்தார்கள். இரண்டு மாதத்துக்குள் பட்டத்தோடு வந்து சேர வேண்டும். அவள் வேலைக்குப் போனால் அம்மா அந்தக் கிளினிக் மேஜையை விட்டு எழுந்துவிடலாம் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. எல்லாம் இப்போது ஏழு தோல்விகளில் தொங்கியது.

அவள் முதலில் யோசனை கேட்டது வகுப்பின் முதல் மாணவனிடம். அவனுக்கு 'மேகம்' என்று பெயர். மேகங்களோடு உரையாடும் கருவி ஒன்றைச் செய்வது அவன் திட்டம். இருபத்திரண்டு தோல்விகளோடு அவன் துறையின் செல்லப்பிள்ளையாக விளங்கினான்.

"கருவி எங்கடா?" என்று கேட்டாள்.

"இன்னும் ஆரம்பிக்கல."

"அப்பறம் எப்படி இருபத்திரெண்டு?"

"இருபத்திரெண்டு தடவ ஆரம்பிக்கல." அவன் கோப்பைத் திறந்து காட்டினான். ஒவ்வொரு பக்கத்திலும் ஜன்னலோரம் உட்கார்ந்து வானத்தைப் பார்க்கும் அவனுடைய புகைப்படம் இருந்தது. சட்டை மட்டும் மாறியிருந்தது. "உனக்கு எங்க தப்பு நடந்துச்சுன்னா, நீ போய்ச் செஞ்சுட்ட. செஞ்சதுக்கப்பறம் தோக்கறது ரொம்பக் கஷ்டம்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அவள் இரண்டு நாள் உட்கார்ந்து ஏழு தோல்விகளைக் கற்பனையாக எழுதினாள். பெயின்ட் வழிந்ததாக ஒன்று, ஆந்தையைப் பார்த்து ஒரு பாட்டி மயங்கி விழுந்ததாக ஒன்று. ஏழும் மறுநாளே திரும்பி வந்தன. 'கோர்வையாகவும் விறுவிறுப்பாகவும் உள்ளன. ஆகவே உண்மையல்ல. தோல்விகள் இனி குழுவின் முன்னிலையில், படைப்பு இயங்கும் இடத்திலேயே நிகழ்த்திக் காட்டப்பட வேண்டும்' என்று குறிப்பு எழுதி, குழு கிளினிக்குக்கு வரும் தேதியையும் போட்டிருந்தார்கள்.

அம்மாவிடம் சொல்ல அவள் அடுக்களைக்குப் போனாள். பெட்டி நின்றால் அம்மா கத்த வேண்டும். கத்தினால் குரல் போய்விடும். இதை மனசில் வைத்துக்கொண்டு, "அம்மா, பெட்டிய ஒரு நாள் கெடுக்கணும்" என்று எப்படிக் கேட்பது? அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மகள் ஒருவழியாகச் சொல்லி முடித்ததும் கத்தியை வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள்.

"நல்லா இருக்கறதக் கெடுத்தா மார்க்கா?" என்று தணிந்த குரலில் கேட்டாள்.

"ஆமாம்மா."

"இதுக்கா மூணு வருஷம்? உங்கப்பாகிட்ட கொடுத்திருந்தா மூணு நிமிஷத்துல கெடுத்துக் கொடுத்திருப்பாரே."

பக்கத்து அறையில் அப்பா செருமினார். அம்மா மறுபடியும் கத்தியை எடுத்துக்கொண்டு, ஒரு நாள்தானே, சமாளித்துக்கொள்கிறேன், கெடு என்று சொல்லிவிட்டாள். அவ்வளவு சுலபமாகச் சொன்னதுதான் மகளுக்குத் தாங்கவில்லை. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

குறித்த நாள் காலை ஒன்பது மணிக்குக் குழு கிளினிக்குக்கு வந்துவிட்டது. காத்திருப்பு அறையில் இருந்ததே பதினொரு நாற்காலி. அதில் மூன்றைக் குழு எடுத்துக்கொள்ள, மூன்று நோயாளிகள் நிற்க வேண்டியதாயிற்று. ஒருங்கிணைப்பாளர் மடியில் படிவங்களை அடுக்கிக்கொண்டார். கலைப் பேராசிரியை கையில் கேமரா. தொழில்நுட்பப் பேராசிரியர் தன் கடைவாய்ப் பல் ஒன்று ஆடுவதை அம்மாவிடம் ரகசியமாகச் சொல்லி, நத்தை வில்லையை வாங்கி வைத்துக்கொண்டார்.

கலைத் தோல்விகளை முதலில் எடுத்துக்கொண்டார்கள். வயர் முந்தின நாளே படங்களின் மேல் பெயின்டை அடித்து, குடை எது, ஏணி எது என்று தெரியாமல் கலைத்துவிட்டிருந்தாள். அம்மா பட்டனை அழுத்தினாள். சுவரில் ஒரு சிவப்புக் களேபரம் எரிந்தது. குழு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. கன்னம் வீங்கிய ஒருவர் தலையை நிமிர்த்தி, அதைச் சற்று நேரம் பார்த்து, "எனக்கு வலிக்கறது இப்படியேதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார். அவர் முறைதான். கலைப் பேராசிரியை நெகிழ்ந்துபோய்ப் படம் எடுக்க மறந்துவிட்டார்.

அடுத்து எல்லாச் சதுரத்தின் மேலும் நண்டுத் தாளை ஒட்டினாள். அதற்கும் நோயாளிகள் அசரவில்லை, மேல் வரிசையில் மூன்றாவது நண்டு யாருடையது என்று எண்ணிப் பார்த்துச் சரியான ஆளை அனுப்பிவைத்தார்கள். ஊடகத் தோல்விக்காகத் தவறான விளக்கை எரியவிட்டபோது, அந்தச் சதுரத்துக்கான வில்லையை வைத்திருந்த பெண்மணி எழக்கூட இல்லை. பக்கத்து மனிதரைப் பார்த்து, "நீங்கதானே எனக்கு முன்னாடி வந்தீங்க, போங்க" என்றாள்.

நான்காவதாகப் பன்னிரண்டு விளக்கையும் ஒரே சமயத்தில் எரிய வைத்தாள். இதில் நிச்சயம் கூச்சல் குழப்பம் வரும் என்று ஒருங்கிணைப்பாளர் முன்கூட்டியே படிவத்தில் 'கலவரம்' என்று எழுதி வைத்துவிட்டார். எல்லோரும் எழுந்தார்கள். எழுந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரு சின்னப் பெண் வாயில் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு கண்ணில் நீர் வழிய நின்றிருந்தாள். "மொதல்ல அந்தப் பிள்ள போகட்டும்" என்று யாரோ சொல்ல, எல்லோரும் வழிவிட்டு மறுபடியும் உட்கார்ந்தார்கள். பல் டாக்டர் வெளியே தலையை நீட்டி, இந்தப் புதிய ஏற்பாடு பழையதைவிடச் சிறப்பாக இருக்கிறது, இதையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டுவிட்டுப் போனார். ஒருங்கிணைப்பாளர் 'கலவரம்' என்பதை அடித்தார்.

தொழில்நுட்பத்துக்கு வயர் துறையின் பட்டறைக்காரரைத் துணைக்கு அழைத்து வந்திருந்தாள். அந்தப் படிப்பில் எதையாவது செய்யத் தெரிந்த ஒரே ஊழியர் அவர். பட்டம் இல்லாததால் ஆசிரியர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஒரு இணைப்பைத் தளர்வாகப் பற்றவைத்துக் கொடுங்கள் அண்ணா என்று அவள் கெஞ்சியபோது அவர் முகம் சுண்டிவிட்டது. "என் கையால லூஸ் கனெக்சனா?" என்றார். கடைசியில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு பற்றவைத்தார். அது முன்பைவிடக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பழக்கதோஷம்.

வேறு வழியில்லாமல் வயரே போய் ஒயரைக் கத்தரித்தாள். பெட்டி அணைந்தது. ஒருங்கிணைப்பாளர் பூரித்துப்போய்ப் பேனாவைத் திறந்தார். அதற்குள் ஏணி வில்லை வைத்திருந்த எலக்ட்ரீசியன், ஒரு கையால் தாடையைத் தாங்கியபடியே எழுந்து, பல்லால் கடிக்க முடியாத நிலையில் நகத்தால் ஒயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பேராசிரியை கேமராவைத் தூக்குவதற்குள் ஆந்தையின் சதுரம் எரிந்தது. ஆறாவது தடவை விளக்குகளையே கழற்றிவிட்டாள். உள்ளே இருப்பவர் வெளியே வந்ததும் அடுத்தவர் தானாக எழுந்து போனார். இரண்டு மாதத்தில் அந்த அறைக்கு வரிசை பழகிவிட்டிருந்தது.

குழு தளர்ந்துபோனது. மதியம் ஆகிவிட்டது. ஒரு படிவம்கூட நிரம்பவில்லை. இவ்வளவு பிடிவாதமான ஒரு படைப்பைத் தன் பணிக்காலத்தில் பார்த்ததில்லை என்று ஒருங்கிணைப்பாளர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். பிறகு அவருக்கு ஒன்று தோன்றியது. மூன்றுக்கும் நடுவில் விழ வேண்டிய ஏழாவது தோல்வி இன்னும் பாக்கி இருந்தது.

"பெட்டியச் சுவத்துலேர்ந்து எறக்கிடு. அம்மா பேர் சொல்லிக் கூப்பிடட்டும். குரல் வரலைன்னா அது ஒரு அழகான தோல்வி. எந்தத் துறையிலயும் சேராது."

வயர் அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றாள். "சார், அவங்க கத்தக் கூடாது. டாக்டர் சொல்லியிருக்காரு."

"ஒரு தடவதானேம்மா. டிகிரி பெரிசா, தொண்ட பெரிசா?"

அவர் கேட்டது அளவைப் பற்றித்தான் என்பதுபோல் தொழில்நுட்பப் பேராசிரியர் யோசிக்க ஆரம்பித்தார். அம்மா மகளின் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்தாள். பெட்டியைத் தானே இறக்கி மேஜையில் வைத்தாள். நோயாளிப் பட்டியலில் விரலை வைத்து, நிமிர்ந்து, மூச்சை இழுத்தாள். அறை முழுக்க அந்தத் தொண்டையையே பார்த்தது. மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நீங்க உக்காருங்கம்மா," என்று ஒரு குரல் கேட்டது. பட்டியலில் அடுத்து இருந்தவர்தான். எழுந்து நின்று சட்டையைச் சரிசெய்துகொண்டார். "நான்தான் அடுத்து. எனக்குத் தெரியும்." உள்ளே போனார். அவருக்கு அடுத்தவர் கையைத் தூக்கி, தான் தயாராக இருப்பதாகக் காட்டினார்.

அம்மா உட்கார்ந்தாள். மகள் அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

ஒருங்கிணைப்பாளர் வெற்றுப் படிவங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு மெல்ல அவர் முகம் மலர்ந்தது. பெரிய மனிதர்களுக்கே அந்த மாதிரி மலர்ச்சி வரும். இந்தப் பெண் ஏழு முறை தோற்க முயன்றிருக்கிறாள். ஏழு முறையும் அதில் தோற்றிருக்கிறாள். அப்படியானால் கணக்கு என்ன? அவர் எழுந்து நின்று அதை அறிவித்தபோது அவர் குரல் தழுதழுத்தது. தோற்பதிலேயே தோற்ற முதல் மாணவி இவள்தான், இனி இருபத்திரண்டு தோல்விக்காரனும் இவளுக்குக் கீழேதான் என்றார். குழு எழுந்து கைதட்டியது. நோயாளிகள் பல்வலியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழு படிவங்களிலும் கையெழுத்தாயிற்று. தொழில்நுட்பப் பேராசிரியர் தன் முறை வந்ததும் நத்தை வில்லையோடு உள்ளே போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்.

ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. பெட்டி இனி துறைக்குச் சொந்தம். கண்காட்சி முடியும்வரை, கழன்ற விளக்கும் அழிந்த படமுமாக, 'தோற்ற நிலையில்' இருக்க வேண்டும். இதைப்போல் இன்னொன்று செய்தால் அதற்கும் தனியாக ஏழு தோல்விகள் காட்ட வேண்டும் என்று கையேட்டில் விதி இருந்தது. வயர் கையெழுத்துப் போட்டாள். பட்டம் கைக்கு வரும்வரை அவள் துறையின் பிடியில்தான் இருந்தாள்.

கண்காட்சிக்கு மூன்று வாரம் இருந்தது. பழைய நோயாளிகள் சமாளித்தார்கள். புதிதாக வந்தவர்களுக்கு அந்த அறையின் பழக்கம் தெரியவில்லை. இவர்களை அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியிருந்தது. முதல் வாரம் இரண்டு முறை கூப்பிட்டாள். இரண்டாவது வாரம் ஒரு முறை. மூன்றாவது வாரம் வாயைத் திறந்தபோது காற்றுதான் வந்தது. தொண்டை டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. இனி குரல் திரும்புமா என்பதை இப்போது சொல்ல முடியாது, ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். பட்டம் வாங்கப் போகிற பெண் அழலாமா என்று அம்மா சைகையில் கேட்டாள்.  அந்தப் பட்டத்தின் மேல் மகளுக்கு அன்று வந்த வெறுப்பு லேசானதல்ல.

கண்காட்சி நடைபாதையில் கோலாகலமாக நடந்தது. விருந்தினர்கள் ஒரு முனையில் நுழைந்து மறு முனையில் கேன்டீனுக்குப் போனார்கள். நடுவில், கண்ணாடிக் கூண்டுக்குள், வெல்வெட் துணியின் மேல் பெட்டி இருந்தது. பக்கத்தில் பித்தளைத் தகட்டில் பொறித்த விவரக்குறிப்பு:

'முறை தவறிய முறை. கருத்தாக்கம்: ஒருங்கிணைப்பாளர். கலை வழிகாட்டல்: கலைத் துறை. தொழில்நுட்ப வழிகாட்டல்: பொறியியல் துறை. தோல்விகள் (ஏழு): மாணவி.'

மதிய இடைவேளையில் அம்மா கிளினிக் சீருடையோடே வந்திருந்தாள். தகட்டை ஒரு முறை படித்தாள், மறுபடியும் படித்தாள். வயர் பட்டச் சான்றிதழைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள், காலையில்தான் கொடுத்திருந்தார்கள். அம்மா பையிலிருந்து கிளினிக் சீட்டு ஒன்றை எடுத்து, பின்பக்கத்தில் எழுதி, விருந்தினர்களுக்கு நடுவில் நின்றிருந்த ஒருங்கிணைப்பாளரிடம் நீட்டினாள். மாணவியின் தாய் நன்றி எழுதித் தருகிறாள் என்று எண்ணிய அவர், எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொல்லிவிட்டு, கணீரென்று படித்தார்.

"ஏழு தோல்வியும் எம் பொண்ணு பேர்ல போட்டிருக்கீங்க, சரி. இது ரெண்டு மாசம் நல்லா வேல செஞ்சுது. அதுக்கு யாரு பொறுப்பு?"

 ஒருங்கிணைப்பாளர் ஒரு கணம் சீட்டையும் பெட்டியையும் பார்த்தார். பிறகு, பழி எதுவும் துறையின் மேல் விழுந்துவிடக் கூடாதே என்ற பொறுப்புணர்ச்சியோடு நெஞ்சில் கை வைத்தார்.

"அம்மா, எல்லார் முன்னாடியும் சொல்றேன். அது வேல செஞ்சதுக்கு எங்க துறை எந்த விதத்துலயும் பொறுப்பில்ல."

விருந்தினர்கள் அந்த நேர்மையைப் பாராட்டிக் கைதட்டினார்கள். அம்மாவும் தலையை ஆட்டி ஒப்புக்கொண்டாள். பிறகு கண்ணாடிக் கூண்டின் மூடியைத் திறந்து மகளின் கையில் கொடுத்துவிட்டு, தொங்கிய ஒயர்களைச் சேர்த்துச் சுருட்டி, பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கதவைப் பார்த்து நடந்தாள். மகள் மூடியைக் கீழே வைத்துவிட்டுப் பின்னாலேயே போனாள். ஒருங்கிணைப்பாளரும் பேராசிரியர்களும் பார்த்தபடி நின்றார்கள், யாரும் தடுக்கவில்லை. தடுப்பதென்றால், அது யாருக்கோ தேவைப்படுகிற ஒரு பொருள் என்பதை அவர்கள் முதலில் ஒப்புக்கொண்டாக வேண்டும். அதற்கு அந்தப் படிப்பில் மூன்றாண்டும் போதாது.